ஒரு நாளுக்காகக் கழற்றிய பலகை

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். அதில் கடைசிப் பதினெட்டு வருடம் கம்ப்ளையன்ஸ் பிரிவு. எங்கள் ஷூவை வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் வருடத்துக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிக் கம்பெனியைச் சோதிப்பார்கள். தீயணைப்பான் இருக்கிறதா, அவசர வழி திறந்திருக்கிறதா, பசை ஒட்டும் இடத்தில் காற்றோட்டம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அவர்கள் வரும் நாளில் எல்லாம் சரியாக இருக்கும்படி பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. வரும் நாளில் என்றுதான் எழுதுகிறேன். மற்ற நாட்களைப் பற்றி என்னை யாரும் கேட்டதில்லை.

அந்த வேலையில் நான் கெட்டிக்காரன். அவசர வழியை அடைத்துக்கொண்டிருக்கும் அட்டைப்பெட்டிகளை முந்தின நாள் சாயங்காலம் நகர்த்துவோம். புதிதாக வாங்கிய தீயணைப்பான் பளபளவென்று இருந்தால் நேற்றுத்தான் மாட்டியது என்று தெரிந்துவிடும். அதனால் அதன் தலையில் கொஞ்சம் தூசியைத் தடவி வைப்போம். தையல் பிரிவுப் பெண்களை வரிசையாக நிற்க வைத்து, என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பேன். ஆடிட்டர்கள் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போன மறுநாள் அட்டைப்பெட்டிகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். என் காலத்தில் அங்கே தீப்பிடிக்கவில்லை. அதை என் திறமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஓய்வு பெற்று ஏழெட்டு வருடம் கழித்து என் மனைவி கொல்லையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். வேலூரில் ஆபரேஷன் செய்து, கம்பி வைத்து, வாக்கரோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரே மகள். பெங்களூரில் இருக்கிறாள். அம்மாவை உடனே கூட்டிக்கொண்டு போய்விட வேண்டும் என்று வந்து நின்றாள். நான் முடியாது என்றேன். கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். பெங்களூரில் வீட்டைச் சோதித்து அறிக்கை கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். வீடு வாங்கப் போகிறவர்களுக்காகப் பார்ப்பார்களாம். வயதானவர்கள் இருக்கும் வீட்டையும் பார்ப்பார்களாம்.

"அவங்க பார்த்து இந்த வீடு சேஃப்னு சொல்லட்டும். அப்ப இங்கயே இருங்க. இல்லன்னா அம்மாவை நான் கூட்டிட்டுப் போறேன். இதுல பேச்சே கிடையாதுப்பா."

சரி என்றேன். எனக்கு உள்ளுக்குள் சிரிப்புக்கூட வந்தது. வெளிநாட்டு ஆடிட்டர்களையே பார்த்தவனுக்கு இது எம்மாத்திரம் என்றுதான் நினைத்தேன்.

ஏன் போகப் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆம்பூரில் டீக்கடையில் உட்கார்ந்தால் நாலு பேர் எழுந்து "சார்" என்பார்கள். மகளின் அடுக்குமாடியில் நான் லிஃப்ட் எப்போது வரும் என்று காத்து நிற்கிற ஒரு கிழவன். காரணம் அவ்வளவுதான். மனைவிக்கு எங்கே இருக்க விருப்பம் என்று அவளைக் கேட்கவே இல்லை.

எங்கள் குளியலறையில் கேஸ் கீசர் இருந்தது. எங்கள் பக்கத்து போர்வெல் தண்ணீர் உப்பு. கரண்ட் கீசர் வைத்தால் சூடாக்கும் கம்பியில் உப்புப் படிந்து வருடத்துக்கு ஒன்று போய்விடும். அதனால் பத்து வருடத்துக்கு முன்னால் கேஸ் கீசருக்கு மாறினோம். அதை மாட்டியவர் குளியலறைக்கு உள்ளேயே, சுவரில், ஷவருக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டுப் போனார். காற்றுக்கு இருந்த ஒரே வழி, வெண்டிலேட்டர் என்று நாங்கள் சொல்லும் சின்ன மேல் ஜன்னல். அது தோல் பதனிடும் டேனரிகள் இருக்கும் திசையைப் பார்த்தது. காற்று அந்தப் பக்கமிருந்து அடித்தால் வீட்டுக்குள் சாப்பிட முடியாது. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் அந்தத் திசை ஜன்னல்களை அடைத்துவிட்டார்கள். நானும் வெளிப்பக்கத்திலிருந்து ஒரு பிளைவுட் பலகையை வைத்து நாலு ஸ்குரூ முடுக்கியிருந்தேன்.

ஆய்வுக்கு முந்தின நாள் ஸ்டூல் போட்டு ஏறி அந்தப் பலகையைக் கழற்றினேன். ஜன்னல் கண்ணாடிகளை ஈரத்துணியால் துடைத்தேன். துடைத்தபின் பார்த்தால் மிகவும் சுத்தமாக இருந்தது. கொஞ்சம் மண்ணை எடுத்து விரலால் தடவிவிட்டேன். கம்பெனியில் நூறு தடவை செய்தது. கை தானாகச் செய்தது.

மனைவி வாக்கரைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாத்துக்கு அதைக் கழட்டுறீங்க? நாத்தம் வரும்."

"ஒரு நாளைக்குத்தான். நாளைக்கு வர்றவர் கேட்டார்னா, இது எப்பவும் திறந்துதான் இருக்கும்னு சொல்லிடு."

"நான் இன்னா உங்க கம்பெனி லேபரா, சொல்லிக் குடுக்குறீங்க?" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன்.

வந்தவர் முப்பது வயசு எஞ்சினியர். திருப்பத்தூர்ப் பக்கத்துப் பையன், பெங்களூரில் வேலை. கம்பெனிக்கு வந்தவர்கள் பெரும்பாலும் காகிதங்களைப் பார்ப்பார்கள். இவர் பொருட்களைப் பார்த்தார். ஒவ்வொரு பிளக்கிலும் ஒரு சின்னக் கருவியைச் செருகி எர்த் இருக்கிறதா என்று பார்த்தார். அடுப்பு டியூபை வளைத்துப் பார்த்து, வெடிப்பைக் காட்டினார். மொட்டை மாடிக்குப் போய் வெயில் எவ்வளவு இறங்குகிறது என்று பார்த்தார். கடைசியாகக் குளியலறைக்கு வந்தார். மனைவியால் அதிக நேரம் நிற்க முடியாததால் ஹாலில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே நாங்கள் இரண்டு பேர்தான்.

"இந்த கீசர் உள்ள இருக்கக் கூடாது சார். வெளிச் சுவத்துல மாட்டிட்டு வெந்நீர் பைப்பை மட்டும் உள்ள கொண்டாங்க."

"பத்து வருஷமா இங்கதான் இருக்கு தம்பி. ஒண்ணும் ஆனதில்ல."

"கதவைச் சாத்திட்டு இது எரிஞ்சா உள்ள இருக்கிற காத்தைத் தின்னுடும் சார். அப்புறம் வர்ற புகைக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. தூக்கம் வர்ற மாதிரி இருக்கும், அவ்ளோதான். எழுந்து தாழ்ப்பாளைத் திறக்கக்கூடத் தோணாது." அண்ணாந்து பார்த்தார். "இந்த ஜன்னல் எப்பவும் திறந்துதான் இருக்குமா?"

"எப்பவும்."

"டேனரி நாத்தம் வருமே சார் இதுல?"

"பழகிப் போச்சு தம்பி."

அவர் என்னைப் பார்த்த பார்வையில் சந்தேகம் இருந்தது. ஸ்டூலில் ஏறி ஜன்னல் கண்ணாடியில் விரலை வைத்துத் தேய்த்தார். விரலில் மண் ஒட்டியது. போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கினார். ஹாலுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டார்.

"ஏம்மா, பாத்ரூம் ஜன்னலைச் சாத்துறதே இல்லையா?"

அவள் என்னைப் பார்த்தாள். "அவரைக் கேளுங்க" என்றாள்.

அறிக்கை மகளுக்குப் போயிற்று. எனக்கும் ஒரு பிரதி வந்தது. வீடு பெரும்பாலும் பரவாயில்லை என்று இருந்தது. செய்ய வேண்டியவற்றைப் போட்டிருந்தார்கள். கீசரை ஒரு மாதத்துக்குள் வெளியே மாற்ற வேண்டும்; அதுவரை மேல் ஜன்னலை எந்தக் காரணத்துக்காகவும் மூடக் கூடாது. குளியலறைத் தாழ்ப்பாளை வெளியிலிருந்தும் திறக்கும்படியானதாக மாற்ற வேண்டும். கழிப்பறையில் பிடித்து எழக் கைப்பிடி, தரைக்கு வழுக்காத ரப்பர் பாய், மெயின் போர்டில் ஷாக் அடித்தால் தானாகக் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச், புது கேஸ் டியூப், மாடிக்கு வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பெயின்ட், எல்.இ.டி. பல்புகள்.

பாதியை ஒழுங்காகச் செய்தேன். வீடியோவில் காட்டக்கூடிய பாதியை. கைப்பிடி மாட்டினேன், ரப்பர் பாய் போட்டேன், டியூப் மாற்றினேன். எலக்ட்ரீஷியனை வைத்து அந்த ஸ்விட்சைப் போட்டேன். மாடிக்குப் பெயின்ட் அடித்ததும் மத்தியானத்தில் ஹால் உண்மையிலேயே குளிர்ந்தது. போனைத் தூக்கி ஒவ்வொன்றாக மகளுக்குக் காட்டினேன். "சூப்பர்ப்பா" என்றாள். தாழ்ப்பாளைப் பற்றிக் கேட்டபோது, தச்சரிடம் சொல்லியிருக்கிறேன், அவர்தான் இழுத்தடிக்கிறார் என்றேன். தச்சரை நான் கூப்பிடவே இல்லை. கீசருக்கு வெளிச் சுவரைத் துளைக்க வேண்டும், மழை விடட்டும் என்றேன்.

மழை விடவில்லை. மழைக்காலத்தில் அந்த நாற்றம் தரையோடு படுத்துக்கொள்ளும். ஆபரேஷனுக்குப் பிறகு மனைவிக்கு மாத்திரைகளால் எதைக் கண்டாலும் குமட்டல். ஒரு நாள் குளியலறையிலிருந்து வாந்தியெடுத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"அந்த ஜன்னலை இன்னாவாவது பண்ணுங்க. என்னால முடியல."

பலகையைத் திரும்ப மாட்டினேன். அவளுக்காகத்தான் மாட்டினேன் என்று பல நாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் அந்த எஞ்சினியர் உள்ளே சொன்னதை அவள் கேட்கவில்லை. அறிக்கையையும் அவள் படிக்கவில்லை. மூடினால் என்ன ஆகும் என்பது எங்கள் இருவரில் எனக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தவன் வாயைத் திறக்காமல் நாலு ஸ்குரூவையும் முடுக்கினேன். ஒரு வாரம் ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் ஆகவில்லை. பிறகு அதை நினைப்பதையும் விட்டுவிட்டேன்.

பனிக்காலத்து ஞாயிற்றுக்கிழமை. ஆபரேஷனுக்குப் பிறகு முதல் தடவையாக ஆலயத்துக்குப் போகப் போகிறோம். தலைக்குக் குளிக்கிறேன், கொஞ்சம் நேரமாகும் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்து குளிப்பாள். நான் முன்னறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே அவள் பாடுவது கேட்டது. பிறகு பாட்டு நின்றது. தண்ணீர் விழும் சத்தம் மட்டும் வந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தச் சத்தம் எனக்கு உறைத்தது. பக்கெட் நிறைந்து வழியும் சத்தம். முப்பது வருடமாக லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றவள் அவள். அவள் கையில் ஒரு பக்கெட்கூட வழிந்ததில்லை.

"ஏம்மா, தண்ணி வழியுது பாரு."

பதில் இல்லை. கதவைத் தட்டினேன். தாழ்ப்பாள் உள்ளே போட்டிருந்தது. தோளால் மோதினேன். எழுபத்திரண்டு வயசுத் தோள், கதவு அசையவில்லை. பின்கட்டுக்கு ஓடி மதில் மேல் எட்டிக் கத்தினேன்.

"பாய்! பாய்! ஓடியாங்க!"

பக்கத்து வீட்டுக்காரர் தோல் வியாபாரம் செய்தவர். என்னைவிடப் பத்து வயசு சின்னவர். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு மதிலைத் தாண்டிக் குதித்தார். நான் சொல்லி முடிப்பதற்குள் வீட்டின் பக்கவாட்டுக்கு ஓடினார். ஜன்னல் வழியாக உள்ளே பார்க்கலாம் என்று நினைத்திருக்கிறார்.

"இது இன்னா சார், பலகை அடிச்சு வெச்சிருக்கு?"

அவர் பதிலுக்கு நிற்கவில்லை. உள்ளே ஓடிவந்து கதவை உதைத்தார். மூன்றாவது உதைக்குத் தாழ்ப்பாள் பிய்ந்தது. உள்ளேயிருந்து அனலும் ஆவியும் முகத்தில் அடித்தன. கீசர் எரிந்துகொண்டிருந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே சுவரில் சாய்ந்திருந்தாள். நல்லவேளை, மார்பில் பாவாடை கட்டியிருந்தாள். பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கொடியில் கிடந்த போர்வையை இழுத்து என்னிடம் வீசினார். சுற்றியதும் இரண்டு பேருமாகத் தூக்கி முன்வாசலில் கிடத்தினோம். மூச்சு இருந்தது. கண்ணைத் திறக்கவில்லை.

"நீங்க ஆம்புலன்ஸ்ல ஏறுங்க சார். நான் கேஸை மூடிட்டு வீட்டைப் பூட்டிட்டு வர்றேன்" என்றார்.

ஆஸ்பத்திரியில் அவள் விரலில் ஒரு கிளிப்பை மாட்டினார்கள். தொண்ணூற்றெட்டு காட்டியது. "ஆக்சிஜன் நல்லாதான் இருக்கு" என்றார் நர்ஸ். அந்தப் புகையில் மயங்கினவர்களுக்கு அந்தக் கருவி நல்ல எண்ணைத்தான் காட்டும் என்பது எனக்குப் பிறகு தெரிந்தது. டாக்டர் இளம்பெண். வேகமாகக் கேட்டார்.

"பி.பி. இருக்கா? எவ்ளோ நேரமா மயக்கம்?"

சொன்னேன். ஆம்புலன்ஸிலிருந்து நான் கூப்பிட்டுச் சொல்லியிருந்த மகள் அதற்குள் போனில் வந்துவிட்டாள். ஸ்பீக்கரைப் போட்டேன்.

"குளிக்கிறப்பவா விழுந்தாங்க? கேஸ் கீசரா?" என்று டாக்டர் கேட்டார்.

நான் வாயைத் திறக்கும் முன் மகள் பேசினாள். "கேஸ் கீசர்தான் டாக்டர். ஆனா ஜன்னல் எப்பவும் திறந்தே இருக்கும். இப்பதான் இன்ஸ்பெக்ஷன் பண்ணோம். ரிப்போர்ட் என்கிட்ட இருக்கு, போட்டோ இருக்கு. அது இல்ல டாக்டர், அம்மாவுக்கு பி.பி. ஜாஸ்தி."

டாக்டர் என்னைப் பார்த்தார். "ஜன்னல் திறந்துதானே இருந்துச்சு?"

நான் தலையை ஆட்டினேன். ஆம் என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அவர் அதை ஆம் என்று எடுத்துக்கொண்டார். நானும் அப்படி எடுத்துக்கொள்ளட்டும் என்றுதான் ஆட்டினேன். "ஸ்ட்ரோக்கான்னு பார்த்துடலாம். ஸ்கேனுக்கு ரெடி பண்ணுங்க" என்றார்.

ஸ்கேன் அறையில் வேறொருவர் இருந்தார். காத்திருக்கச் சொன்னார்கள். மனைவி தள்ளுவண்டியில் கிடந்தாள். நான் பெஞ்சில் உட்கார்ந்தேன். என் வாயில் பதில் இருந்தது. எழுந்து பத்தடி நடந்து சொன்னால் போதும். மகள் அந்த அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு பேசின குரல் என்னை எழவிடவில்லை. ஸ்கேனில் எப்படியும் தெரிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டேன். ஸ்ட்ரோக்காக இருந்துவிட்டால் பலகையைப் பற்றி யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை என்று தோன்றியது. அப்படித் தோன்றியதும், ஸ்ட்ரோக்காக இருக்கட்டும் என்று ஜெபித்தேன். கட்டின மனைவிக்குப் பக்கவாதம் வரட்டும் என்று கண்ணை மூடிக் கேட்டேன். இதை எழுதாமல் மற்றதையெல்லாம் எழுதிப் பயனில்லை.

இருபது நிமிடம் இருக்கும். பாய் வண்டியை நிறுத்திவிட்டு மூச்சு வாங்க வந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"ஸ்ட்ரோக்கான்னு பார்க்கிறாங்க."

"பலகையைச் சொன்னீங்களா?"

"ஸ்கேன் முடியட்டும் பாய்."

அவர் என் எதிரில் குனிந்து நின்றார். எங்கள் பழக்கம் இருபத்தைந்து வருடம். அவர் என்னிடம் குரலை உயர்த்தியதில்லை. அன்றும் உயர்த்தவில்லை.

"ஸ்கேன்ல பலகை தெரியுமா சார்? நீங்க போய் சொல்றீங்களா, நான் சொல்லட்டா?"

எழுந்து போய்ச் சொன்னேன். ஜன்னல் மூடியிருந்தது, நான்தான் மூடினேன் என்றேன். டாக்டர் திட்டவில்லை. திரும்பி ஓடினார். "ஸ்கேன் அப்புறம். ஃபுல் ஆக்சிஜன், பெரிய மாஸ்க், இப்பவே" என்று கத்தினார். ரத்தம் எடுத்தார்கள். மாஸ்க்கைப் போட்டு இறுக்கிய பிறகு என்னிடம் வந்தார்.

"இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

"முதல்லயே தெரியும்."

அதற்கு மேல் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. மற்றக் கேள்விகளைப் பாயிடம் கேட்டார்.

அன்று மத்தியானமே ஆக்சிஜனோடு வேலூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். மறுநாள் காலையில் கண் திறந்தாள். உயிருக்குப் பயமில்லை என்றார்கள். ஆனால் முழுதாகத் திரும்பி வரவில்லை. பாட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் எந்தப் பாட்டையும் முழுக்கப் பாடுகிறவள், இப்போது இரண்டாம் அடியில் நின்று என் முகத்தைப் பார்க்கிறாள். அந்த இருபது நிமிடத்தால்தானா என்று டாக்டர்களைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள். இல்லை என்று ஒருவரும் சொல்லவில்லை.

ஐந்தாம் நாள். மகள் மருந்து வாங்கக் கீழே போயிருந்தாள். பலகை மூடியிருந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது; அதோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டாள். ஆம்பூர் ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அதைச் சொல்லாமல் நான் பெஞ்சில் உட்கார்ந்திருந்தது அவளுக்குத் தெரியாது. மனைவி கேட்டாள்.

"என்னைக் கொண்டு போனப்ப, டாக்டர் இன்னா ஆச்சுன்னு கேட்டிருப்பாங்களே. நீங்க இன்னா சொன்னீங்க?"

பொய் ஒன்று தயாராகத்தான் இருந்தது. பாய் நல்ல மனுஷர், காட்டிக் கொடுக்க மாட்டார். ஆனால் அவள் கேட்டுவிட்டு என் வாயைப் பார்க்கவில்லை, என் கைகளைப் பார்த்தாள். எல்லாவற்றையும் சொன்னேன். எஞ்சினியர் உள்ளே சொன்னதை, தடவின மண்ணை, கூப்பிடாத தச்சரை, பெஞ்சை, நான் ஜெபித்ததை.

அவள் அழவில்லை.

"என்னைக் கேட்டிருந்தா அப்பவே பெங்களூர் போலாம்னு சொல்லியிருப்பேன்" என்றாள். "இந்த கீசர் தொல்லையே இருந்திருக்காது. நீங்க கேக்கல."

மகள் மருந்தோடு உள்ளே வந்தாள். மனைவி அவளைப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள்.

"என்கிட்ட சொன்னதை இவகிட்டயும் சொல்லுங்க. என் எதிர்லயே."

சொன்னேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த இடம் வந்தபோது மகள் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். நான் முடித்ததும் திரும்பாமலே பேசினாள்.

"நான் அந்த ரிப்போர்ட்டை வெச்சு டாக்டரோட சண்டை போட்டேன்பா. அம்மாவைக் காப்பாத்துறதா நெனைச்சு." வந்து அம்மாவின் போர்வையை இழுத்துவிட்டாள். பிறகு, "அம்மா என்கூட வரட்டும். நீங்க..." என்று நிறுத்தினாள்.

மனைவிதான் முடித்தாள். "அவரும் வரட்டும். தனியா வுட்டா இன்னும் எதையாவது மூடி வைப்பாரு."

மகளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே அழுதாள். எனக்குச் சிரிக்க அனுமதி இருக்கிறதா என்று தெரியவில்லை. தலையைக் குனிந்துகொண்டேன்.

இப்போது பெங்களூரில் இருக்கிறோம். மகள் பகலில் வேலைக்குப் போய்விடுவாள். காலை டீ நான் போடுகிறேன். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று சொன்னால், மனைவி பதில் சொல்வதில்லை. வாக்கரை ஊன்றி எழுந்து, சமையலறை வரை நடந்து, குமிழைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருகிறாள். வாசற்கதவைச் சாத்திவிட்டேன் என்றாலும் அப்படித்தான். மாத்திரை இதுதான் என்று கொடுத்தால் அட்டையை வாங்கிப் படிக்கிறாள். கோபமாகச் செய்வதில்லை. இடுப்பு வலியோடு, நிதானமாக, ஒவ்வொரு தடவையும் செய்கிறாள்.

நம்பச் சொல்லி நான் கேட்பதில்லை. அவள் எழுவதைப் பார்த்தால் வழியில் கிடக்கும் நாற்காலியை நகர்த்தி வைக்கிறேன்.